அம்பத்தேழு குதிரையும் நாலு ஆணியும்

முன்பல்லு ரெண்டு எங்கடா போச்சுன்னு கேக்குறவுகளுக்கு ஆளுக்கொரு பதில் வச்சிருக்கேன். சின்னப்புள்ளைக கேட்டா, நெலாவக் கடிச்சுப் பாத்தேன், அது இன்னும் வேகலன்னு சொல்லுவேன். பொம்பளைக கேட்டா, என் பொண்டாட்டி சுட்ட முறுக்குன்னு சொல்லிட்டு ரெண்டு எட்டு தள்ளி நின்னுக்குவேன். பெரிய மனுசங்க கேட்டா, அரண்மனைக்கு விசுவாசமா இருந்து இருந்து தேஞ்சுபோச்சு சாமின்னு கையக் கட்டிக்கிருவேன். நீங்க ஒண்ணும் கேக்கல. கேக்காதவுககிட்டத்தான் நெசத்தச் சொல்லணும்னு வாயி அரிக்குது.

என் பேரு ஒச்சு. ஈட்டிமலைப் பாளையத்துல குதிரைக்கு லாடம் கட்டுறவன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா தேஞ்ச லாடம் ஒண்ண கையில குடுத்தீங்கன்னா அந்தக் குதிரை எந்தக் கல்லுல மிதிச்சுச்சு, எந்தக் காலுல நொண்டுச்சு, மேல உக்காந்திருந்தவன் சாப்ட்டுட்டு ஏறுனானா சாப்டாம ஏறுனானான்னு வாசிச்சிருவேன். வேலையில நான் கொஞ்சம் அப்படி இப்படித்தான். என் கூடப்பொறந்த தங்கச்சி பேச்சியே ஊரக் கூட்டிவச்சுச் சொல்லும், "எங்கண்ணன் கட்டுன லாடம் லாயத்துக்குள்ள ஒரு காலு, சந்தையில ஒரு காலு, மத்த ரெண்டும் எங்கன்னு அவனுக்கே தெரியாது"ன்னு. அதக் கட்டுன மூக்கையன் குதிரைப்படையில ஆளு. கரிச்சான்னு ஒரு கருப்புக் குதிரை அவனுக்கு. பேச்சிக்கு அப்ப ஏழு மாசம்.

எங்க படையோட பலம் ஈட்டி இல்ல, வாளு இல்ல. கனம். அறுபது குதிரை, மேல அறுபது ஆளு, ஆளு மேலயும் இரும்பு குதிரை மேலயும் இரும்பு, மூக்கு ஓட்டையத் தவிர எல்லா எடமும் இரும்பு. அது மொத்தமும் சேந்து ஓடி வந்தா, எதுக்க நிக்கிறவன் ஈட்டி படுறதுக்கு முன்னாடியே தரை நடுங்குறத உள்ளங்காலுல வாங்கிப் பாதி செத்துருவான். மிச்சப் பாதியத்தான் நாங்க கொல்லணும். அதனால ஆத்துக்கு அக்கரைக்காரன் மூணு தலைமொறையா எங்க பக்கம் வரல.

அந்த வருசம் ஆனி மாசம் மொதச் செவ்வாக்கிழமை விடிஞ்சு, வெயிலு லாயத்துக்குள்ள எட்டிப் பாத்தப்ப, அறுபது குதிரையும் தரையிலருந்து நாலு வெரக்கட ஒசரத்துல நின்னுச்சுக. அம்புட்டுத்தான். கொள்ளு தின்னுக்கிட்டு, வால ஆட்டி ஈ ஓட்டிக்கிட்டு, காலு மட்டும் மண்ணுல படாம. நான்தான் மொதல்ல பாத்தேன். குனிஞ்சு குளம்புக்கு அடியில கையவிட்டு அந்தப் பக்கம் எடுத்தேன். அட, இனிமே லாடம் தேயாதே, நம்ம பொழப்புல மண்ணு விழுந்துச்சேன்னுதான் எனக்கு மொதக் கவல வந்துச்சு.

ஊரு ஒண்ணும் மலைச்சுப் போகல. சோசியரு வந்து பாத்துட்டு, தெய்வத்துக்குத்தான் காலு தரையில படாது, நம்ம குதிரைகளுக்குத் தெய்வாம்சம் வந்துருச்சுன்னாரு. பாளையத்தய்யா பொங்க வைக்கச் சொன்னாரு. பொம்பளைக தொட்டில் புள்ளைகளக் கொண்டாந்து குதிரைக்கு அடியில இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டி வாங்குனாங்க, சீக்கு வராதாம். நானும் என் பங்குக்கு, லாடத்துக்கு அடியில குங்குமப் பொட்டு வச்சேன். தரையில நிக்கிற குதிரைக்கு உள்ளங்காலுல பொட்டு வைக்க முடியுமா? இப்ப முடியும்ல. அத ஊரு பிடிச்சுக்கிருச்சு. தெனமும் விடிஞ்சதும் அறுபது குதிரைக்கும் நாலு காலுலயும் செவப்பா பொட்டு வைக்கிறது என் வேலைன்னு ஆகிப்போச்சு.

அக்கரையில ஒரு ஆளு மணல்ல நின்னு தெனமும் வெறும் முறத்த வச்சு வெறும் காத்தத் தூத்திக்கிட்டு இருந்தது எங்களுக்குத் தெரியாம இல்ல. ஆம்பளயா பொம்பளயான்னு தூரத்துல தெரியல. முறத்த ஒசத்தும், எறக்கும், ஒசத்தும், எறக்கும். நெல்லும் இல்ல பதரும் இல்ல. "காத்துள்ளபோதே தூத்திக்கிறான் பாவம், என்னத்தத் தூத்துறான்னுதான் தெரியல"ன்னு சொல்லி நாங்க சிரிச்சோம். அவன் தூத்தத் தூத்த இங்க குதிரை ஏறுச்சு. நாலு வெரக்கட எட்டு ஆச்சு, எட்டு ஒரு சாணாச்சு, சாணு ஒரு மொழமாச்சு.

தளவாய் வீரபாகு ஒரு நா சோதனை பண்ணிப் பாத்தாரு. பொட்டல்ல வைக்கப்போரு ஒண்ணப் போட்டு, இதுதான் அக்கரைப் படை, மோதுங்கடான்னாரு. அறுபது குதிரையும் சத்தமே இல்லாம ஓடுச்சுக. குளம்புச் சத்தம் இல்ல, புழுதி இல்ல, தரை நடுக்கம் இல்ல. போரு மேல மோதுனதும் பஞ்சுப் பொதி மாதிரி பட்டுப் பட்டுத் திரும்பி வந்துச்சுக. ஒரு வைக்கல் கூட நகரல. பக்கத்துல நின்ன கெழட்டு எருமை ஒண்ணு தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சுச்சு. எங்களுக்குப் பயம் பிடிச்சது அன்னைக்குத்தான், அந்த எருமை பாத்த பார்வையில.

கனம் போச்சுன்னா கனத்தக் கட்டுவோம்னு தளவாய் சொன்னாரு. தப்பா என்ன? யாரு கேட்டாலும் நாயமாத்தான் தோணும். மொதல்ல கவசத்து மேல கவசம். அப்பறம் கருமாம்பட்டறைப் பட்டடைக்கல்லு, ஏர்க்கொழு, மம்பட்டி, கெணத்து உருளி, கெணத்துச் சங்கிலி, உலக்கைப் பூணு, அருவாமணை, இரும்புச் சட்டி, தோசைக்கல்லு. வாரத்துக்கு ஒருக்கா படை ஆளு வீடு வீடா வருவான், இருக்குற இரும்ப எடுத்துட்டுப் போயி குதிரை மேல கட்டுவான், குதிரை எறங்கும், மறுநா முறம் ஆடும், குதிரை ஏறும், மறுபடி வருவான். இரும்பு தீந்ததும் அம்மி, ஆட்டுக்கல்லு. அதுவும் தீந்ததும் கோயிலு மணி. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாகள்ல, அதக் கண்ணால பாத்த ஊரு எங்க ஊரு ஒண்ணுதான்.

அதுக்கும் ஊரு பழகிக்கிருச்சு. காய நறுக்கக் கத்தி இல்லையா, பல்லால கடிச்சுத் துப்பு, கொழம்புல போடு. வயல உழ கொழு இல்லையா, மூங்கிக் கம்பால கீறு. அம்பட்டையருக்குக் கத்தி இல்லாமப் போனதுல ஊரு முச்சூடும் தாடி வளந்து, எவன் எவன்னு தெரியாம, பொம்பளைக இருமலக் கேட்டுத்தான் புருசனுக்குச் சோறு போட்டாங்க. கோயிலு மணிக்குப் பதிலா பூசாரி வாயாலயே டாங் டாங்னு சொன்னாரு. மழைக்கு முந்தி உழாத வயலு தரிசாக் கெடந்து அடுத்த தையில என்னத்தத் திங்கப் போறோம்னு யாரும் வாயத் தொறந்து கேக்கல. கேட்டா, குதிரை எறங்கட்டும்னுதான் பதிலு வரும்.

இதுல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. மேல உக்காந்திருக்குற ஆளும் கனந்தான். அவன் எறங்குனா குதிரை போயிரும். மொதல்ல போனது ஆத்தா செத்த சேதி கேட்டு எறங்குன ஒருத்தன் குதிரை. அவன் காலு மண்ணுல பட்டதும் அது கயித்த அறுத்துக்கிட்டு, அம்மி கொழவியோட, பருந்து வட்டம் போடுற ஒசரத்துக்குப் போயி, அப்பறம் புள்ளியாகி, அப்பறம் இல்லாமப் போச்சு. ரெண்டு நாளு கழிச்சு நாலு ஊரு தள்ளி எவன் தலையிலயோ கொழவி விழுந்துச்சாம். இப்படி மூணு குதிரை போச்சு. மிச்சம் அம்பத்தேழு. தளவாய் உத்தரவு போட்டாரு, இனி ஒரு பய எறங்கக் கூடாதுன்னு.

அம்பத்தேழு பேரும் மேலயே குடித்தனம் நடத்துனாங்க. தூங்குறதும் மேல, திங்கிறதும் மேல, மத்ததும் மேலதான், அதனால லாயத்துப் பக்கம் நடக்கும்போது நாங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே நடப்போம். ஒருத்தனுக்குக் கல்யாணமே நடந்துச்சு. பொண்ண ஏணியில ஏத்தி, மாப்ளை குனிஞ்சு தாலி கட்டுனான். மூணாவது முடிச்சுப் போட நாத்தனா ஏணி ஏறணும், பாதி ஏணியில அவளுக்குத் தல சுத்தி, முடிச்சு இல்லாமலே கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. பேச்சி தெனமும் ரெண்டு வேளை துறட்டிக் கம்பு நுனியில தூக்குவாளியக் கட்டி மூக்கையனுக்கு ஒசத்திக் குடுக்கும். வயிறு பெருசாகப் பெருசாக அதுக்குக் கம்பு தூக்க முடியல, நான் பின்னால நின்னு பிடிச்சுக்கிருவேன்.

"மாப்ள, கீழ வா, ஒன் புள்ள வயித்துக்குள்ள ஒதைக்கிறான், தொட்டுப் பாரு"ம்பேன்.

"நீயே தொட்டுப் பாத்துச் சொல்லு மச்சான், ஒனக்குத்தான் குதிரைக் காலு பாக்கத் தெரியும்ல"ம்பான் அவன், மேலருந்து.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, கஞ்சி சிந்துது"ன்னு பேச்சி சொல்லும். சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியத் தொடைக்கும். சிந்துனது கஞ்சி இல்லன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.

ஆடி பொறந்துச்சு. பதினெட்டுக்குள்ள ஆத்துல புது வெள்ளம் வந்துரும், அதுக்கு முந்தி அக்கரைக்காரன் ஆத்தத் தாண்டணும், தாண்டுவான், எல்லாருக்கும் தெரியும். பயத்துல எவனாச்சும் குதிச்சு ஓடிட்டா குதிரை போயிருமேன்னு தளவாய்க்குத் தூக்கம் வரல. என்னயக் கூப்ட்டு விட்டாரு.

"ஒச்சு, ஒவ்வொருத்தன் கால்கவசத்தையும் சேணத்து இரும்போட வச்சு ஆணி அடிச்சிரு. காலுக்கு ரெண்டு, ஆளுக்கு நாலு. மூணு நாளு."

"ஆணிக்கு இரும்பு வேணுமே சாமி?"

"ஊருல இரும்பு இல்லையா?"

"இருக்கு சாமி. எல்லாம் குதிரை மேல இருக்கு."

"அத எடுத்தா குதிரை ஏறிரும்டா."

"ஆமா சாமி."

"அப்ப நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. பெரிய எடத்து உத்தரவு எப்பவும் இப்படித்தான் முடியும்.

நான் பாத்துக்கிட்டேன். வளையல்காரர் வீட்டுல அரக்கு வாங்குனேன். அதுல செங்கப்பொடி கலந்து, வெளக்குக் கரியப் போட்டுக் கிண்டி, அச்சுல ஊத்தி ஆணி பண்ணுனேன். கருகருன்னு, பெத்த ஆத்தா வந்தாலும் இரும்புன்னுதான் சொல்லும். மெதுவா வச்சுத் தட்டுனா எறங்கும். மெனக்கெட்டு ஒருத்தன் காலத் திருகுனா ஒடைஞ்சிரும். யாரு திருகப் போறா, திருகுனா தல போகும்ல. ஊரையும் அரண்மனையையும் ஒரே கல்லுல ஏமாத்திட்டோம்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கும்மாளம்.

அம்பத்தாறு பேருக்கு அடிச்சாச்சு. கடைசியா மூக்கையன். அன்னைக்குப் பேச்சி பட்டறைக்கு வந்துச்சு. மடியிலருந்து ஒரு பண்ணருவாள எடுத்து முன்னால வச்சுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இரும்ப ஒளிச்சு வச்சா கசையடி.

"எங்க வச்சிருந்த?"

"கூரையில. பிரசவத்துக்குக் கொடியறுக்க வச்சிருந்தேன்."

"இத ஏன் எடுத்தாந்த?"

"அண்ணே, நீ என்ன ஆணி அடிக்கிறன்னு எனக்குத் தெரியாதா? ஒன் வீட்டு வாசல்ல அரக்கு நாத்தம் வீசுது. ஊருக்கு என்னமும் அடி. அவருக்கு இரும்புல அடி. கரிச்சான் இப்ப தென்னமர ஒசரம் நிக்கிது. காத்துல சாஞ்சு, ஆணி ஒடைஞ்சு, அவரு அந்தரத்துலருந்து விழுந்தா எனக்கு என்ன மிஞ்சும்?"

"கொடிய எதால அறுப்ப?"

"மூங்கிப் பத்தை இருக்கு. ஒன் வாழ்க்கையில ஒரு வேலையாவது நல்லாச் செய்யிண்ணே."

நான் செஞ்சேன். அந்த அருவாளக் காச்சி, அடிச்சு, மடிச்சு, மறுபடி காச்சி, நாலு ஆணி பண்ணுனேன். என் அப்பன் பண்ணுன மாதிரி, தல தட்டையா, தண்டு நாலு பட்டையா, நுனி கொசு மூக்கு மாதிரி. ஏணியில ஏறி மூக்கையன் காலுல அடிச்சு எறக்கி, உள்பக்கம் நுனிய மடக்கியும் விட்டேன். அவன் காலு சேணமாச்சு, சேணம் குதிரையாச்சு. குதிரை வயித்தச் சுத்தி தோலு வாரு இல்ல, கெணத்துச் சங்கிலி. "மச்சான், இப்படி ஒரு வேலைய நீ செஞ்சு நான் பாத்ததே இல்ல"ன்னான். எனக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு.

எறங்கி வந்ததும் தளவாய் ஆளு நின்னான். வேல முடிஞ்சுச்சான்னான். முடிஞ்சுச்சுன்னேன். சரின்னு என் சுத்தியல், கொறடு, பட்டறையில மிஞ்சுன துண்டு துக்கடா எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயி, தளவாய்க்குப் பதிலா வேற ஆளு ஏறியிருந்த அவரு வெள்ளக்குதிரை கழுத்துல மாலையாக் கட்டிட்டான். அத்தோட ஊருல ஒரு ஊசி இல்ல. புது இரும்புக் கனத்துலன்னுதான் நெனச்சோம், அம்பத்தேழும் மறுபடி ஒரு சாணுக்கு எறங்கி வந்துச்சுக. நானும் ஏணி இல்லாம பொட்டு வச்சேன்.

ஆடி பதினேழு. விடியும்போது மேக்க மலை மேல கருப்பா மேகம். நான் குங்குமக் கிண்ணத்தோட லாயத்துக்குப் போறேன். வாசல்ல கால வைக்கப் போனவன் அப்படியே நின்னேன். மண்ணு முழுக்க பெறை பெறையாச் செவப்பு. நேத்து நான் வச்ச பொட்டு. குதிரைகளோட காலு தரையில பட்டிருக்கு.

எறங்கிருச்சுடான்னு கத்த வாயத் தொறந்தேன். அப்பத்தான் கரிச்சானப் பாத்தேன். அதோட முதுகு, எப்பவும் வில்லு மாதிரி நிமுந்து நிக்கிற முதுகு, தொட்டில் துணி மாதிரித் தொய்ஞ்சிருக்கு. முன்னங்காலு முட்டி வெடவெடன்னு ஆடுது. லாடத்துல புதுசா ஒரு கீறலு. நாப்பது நாளுல மொதக் கீறலு. நான் எழுத்து வாசிக்கத் தெரியாதவன், ஆனா அந்தக் கீறல வாசிச்சேன். குதிரைக்கு அதோட கனம் திரும்பி வருது. இப்பக் கொஞ்சந்தான் வந்திருக்கு. மிச்சமும் வந்தா? மேல இருக்கிறது ஒரு கவசம் இல்ல. ஒரு ஊரு.

ஓடுனேன். தளவாய் முன்னால விழுந்தேன். "சாமி, கனம் திரும்புது, இரும்ப அவுக்கச் சொல்லுங்க, மொத்தமாத் திரும்புனா முதுகு முறிஞ்சிரும்"னு அழுதேன். சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான். ஏன்னா நான் ஒச்சு. மூணு வருசத்துக்கு முந்தி அரண்மனை யானை முட்டை போட்டுருச்சுன்னு நான் சந்தையில சொன்னதுக்கு நாப்பது பேரு கூடையோட வந்து வரிசையில நின்னாங்க. அந்த நாப்பதுல தளவாயோட மாமியாரும் ஒண்ணு.

"இப்ப குதிரை முட்டை போட்டுருச்சாடா ஒச்சு?"ன்னு ஒருத்தன் கேட்டான். தளவாய் மண்ணுல செவப்பப் பாத்தாரு, வானத்தப் பாத்துக் கும்பிட்டாரு. "சாமி கண்ணத் தொறந்துருச்சு. குதிரை எறங்கிருச்சு. கொட்டுங்கடா மொரச"ன்னாரு.

நான் மூக்கையன்கிட்ட ஓடுனேன். கொறடு இல்ல, சுத்தியல் இல்ல. ஆணித்தலையப் பல்லால கடிச்சேன்.

"யோவ் மச்சான், என்னய்யா பண்ற, காலக் கடிக்கிற, நாய்க்குப் பொறந்தவனே!"

"மாப்ள, இது விளையாட்டு இல்ல. குதிரை விழப் போகுது. மத்தவனுக்கெல்லாம் அரக்கு. திருகுனா வந்துரும். ஒனக்கு மட்டுந்தான்டா இரும்பு."

அவன் குனிஞ்சு என்னயப் பாத்தான். ரத்தம் ஒழுகுற வாயப் பாத்தான். நான் பொய் சொன்னா என் மூஞ்சி எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியும், இது அந்த மூஞ்சி இல்ல. கரிச்சானோட கழுத்தத் தடவுனான்.

"அட, எனக்கு மட்டும் இரும்பா? அம்புட்டுப் பாசமா மச்சான்?"ன்னான்.

மொரசு அடிச்சாங்க. கரிச்சான் ஓட்டம் எடுத்துச்சு. என் ரெண்டு பல்லும் அந்த ஆணியிலயே ஒட்டிக்கிட்டுப் போச்சு.

இதக் கேளுங்க, இதையும் சொல்லணும். அம்பத்தேழு குதிரையும் ஊரத் தாண்டி ஆத்தப் பாத்து ஓடுனப்ப, நாப்பது நாளா கேக்காத குளம்புச் சத்தம் கேட்டுச்சு. தடதடதடன்னு. தரை நடுங்குச்சு. உள்ளங்காலு கூசுச்சு. அறுவது ராத்தல் தாடியோட நின்ன ஆம்பளைக புள்ளைக மாதிரி அழுதாங்க. பொம்பளைக கொலவ போட்டாங்க. பூசாரி டாங் டாங்னு கத்துனாரு. நானும், எல்லாம் தெரிஞ்ச நானும், ஒரு நொடி நாம நெனச்சது தப்பா இருக்கட்டும் ஆத்தான்னு வேண்டிக்கிட்டு, வாயில ரத்தத்தோட சிரிச்சேன்.

ஆத்து நடுவுல, கணுக்கா தண்ணியில அவுக போறப்ப, அக்கரையில அந்த ஆளு முறத்தக் கவுத்தான். கவுத்து, முட்டியில ரெண்டு தட்டு தட்டிட்டு, கக்கத்துல வச்சுக்கிட்டு நடந்து போயிட்டான்.

அவ்வளவு கனமும் ஒரே நொடியில வந்துச்சு. ஒரு ஈட்டி பறக்கல, ஒரு அம்பு வரல. ஏர்க்கொழுவும் அம்மியும் தோசைக்கல்லும் கோயிலு மணியும் நாங்களே கட்டுனது, நாங்களே ஏத்துனது, அம்பத்தேழு குதிரையையும் ஒக்கார வச்சுச்சு. முதுகு முறியிற சத்தம் மூங்கித்தோப்புல தீப் பிடிச்ச மாதிரி கேட்டுச்சு. அக்கரைக்காரங்க ஆத்துல எறங்கி, விழுந்து கெடக்குறவுகளச் சுத்திக்கிட்டு, சந்தைக்குப் போற மாதிரி ஊருக்குள்ள போனாங்க. வாளக் கூட உருவல.

குதிரை விழுந்த வேகத்துல அரக்கு ஆணி படபடன்னு ஒடைஞ்சு, ஆளுக தெறிச்சு விழுந்தாங்க. கை போச்சு, இடுப்பு போச்சு, ஆனா உசுரு இருந்துச்சு. அம்பத்தாறு பேரு. ஒருத்தன் மட்டும் விழுந்த எடத்துலயே, குதிரையோட ஒட்டிக்கிட்டு, தண்ணியில மல்லாந்து கெடந்தான்.

பேச்சி வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. வந்து அவன் தலையத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிருச்சு. தண்ணி கணுக்காலுக்கு இருந்தது கெண்டைக்காலுக்கு ஏறுச்சு. மேக்க மலையில பேஞ்சது வந்துக்கிட்டு இருக்கு. நொண்டிக்கிட்டு நின்ன அத்தன பேரும் வந்தாங்க. வாளால நெம்புனோம், வாளு முறிஞ்சுச்சு. ஈட்டியால நெம்புனோம், ஈட்டி வளஞ்சுச்சு. ஆணி அசையல. கால வெட்டலாம்னா காலு இரும்புக்குள்ள இருக்கு. குதிரையத் தூக்கலாம்னா அது மேல பதினாறு வீட்டு அம்மி.

கொறடு. கொறடு இருந்தா போதும். தளவாயோட வெள்ளக்குதிரை கழுத்துல கெடக்கு, அது நாப்பது மொழம் தள்ளி தண்ணிக்குள்ள கெடக்கு. நான் போனேன். செம்மண்ணுத் தண்ணி, கண்ணு தெரியல. கைய விட்டுத் துழாவுறேன். தோசைக்கல்லு வந்துச்சு. வீசுனேன். உருளி வந்துச்சு. வீசுனேன். உலக்கைப் பூணு, அருவாமணை, யாரு வீட்டுச் சட்டியோ. தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. ஊருல நாப்பது நாளாத் தேடுன இரும்பு எல்லாம் கைக்கு வருது, கொறடு வரல.

"மச்சான், மெதுவாத் தேடு, எனக்கு அவசரம் இல்ல"ன்னு மூக்கையன் கத்துனான். பேச்சி மடியில தலைய நிமுத்தி மூக்க மட்டும் மேல வச்சிருக்கான். "எங்கப்பன் மூக்கையன்னு பேரு வச்சது இதுக்குத்தான் போல."

அப்பறம் அவன் பேசல. பேச்சி மட்டும் "அண்ணே, அண்ணே, அண்ணே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சத்தமா இல்ல. தாலாட்டு மாதிரி.

கொறடு கெடச்சுச்சு. எடுத்துக்கிட்டு நீந்திப் போனேன்.

அதுக்கப்பறம் ஊரு எல்லாத்துக்கும் பழகுன மாதிரி இதுக்கும் பழகிருச்சு. அக்கரைக்காரன் ஆளுறான், அவனுக்கும் லாடம் தேயுது, எனக்கும் வேல இருக்கு. பொழச்ச அம்பத்தாறு பேரும் வருசா வருசம் ஆடி பதினேழுக்கு வெத்தல பாக்கு வச்சு என் காலுல விழுறாங்க. அரக்கு வச்சுக் காப்பாத்துன மகராசன்னு சொல்லுறாங்க. பதினோரு புள்ளைகளுக்கு ஒச்சுன்னு பேரு. பேச்சிக்குப் பொம்பளப்புள்ள, மூங்கிப் பத்தையிலதான் கொடியறுத்தாங்க, ரெட்டைச் சுழி, அப்பன மாதிரியே வாயி. இத்தோட கதைய முடிச்சிருவேன், எப்பவும் இங்கதான் முடிப்பேன்.

ஆனா நீங்க கேக்காதவுக. ஒங்ககிட்ட மிச்சத்தச் சொல்லிர்றேன்.

நான் கொறட்டோட போனப்ப தண்ணி பேச்சி நெஞ்சுக்கு இருந்துச்சு. அது அவன் தலைய இன்னும் விடல, ஆனா தலை தண்ணிக்குள்ள இருந்துச்சு. நான் முங்கி, நாலு ஆணியையும் புடுங்குனேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூச்சு. ரெண்டு பேரு பேச்சியத் தூக்கிக் கரையில விட்டாங்க, நாங்க மூக்கையனக் கொண்டாந்து பக்கத்துல கெடத்துனோம். பேச்சி என் கையப் பிரிச்சு அந்த நாலு ஆணியையும் வாங்கிப் பாத்துச்சு. ஒரு ஆணித்தலையில பல்லுத்தடம் இருந்துச்சு. நுனி மடக்குன எடம் நிமுந்திருந்துச்சே தவிர, ஒண்ணு கூட முறியல, ஒண்ணு கூட கோணல.

முந்தானையில அதத் தொடைச்சுச்சு. தொடைச்சுட்டு என்னய நிமுந்து பாத்துச் சொல்லுச்சு:

"நல்லா அடிச்சிருக்கண்ணே."